மது நுழையாத விடுதியில் எடுத்த அறை

போன வைகாசி, வளர்பிறை வியாழக்கிழமை, காஞ்சிபுரத்தில் என் தங்கை மகளுக்குத் திருமணம். எங்கள் பிள்ளையார்பாளையம் வீட்டில் தறிகள் போக ஆள் படுக்க இடமில்லை. ஆரணியிலிருந்து வரும் தங்கை குடும்பத்துக்கும் சம்பந்தி வீட்டாருக்கும், இஸ்லாமிய முறைப்படி நடக்கும் ஒரு சிக்கன விடுதியில் அறை எடுத்தேன். காரணம் வாடகை மட்டுமல்ல. தங்கை கணவர் குடிப்பவர். அங்கே மதுவுக்கு இடமில்லை. சொன்னால் வரமாட்டார் என்று அவரிடம் மட்டும் இதைச் சொல்லவில்லை.

புதன்கிழமை மாலை அவர் வெளியே குடித்துவிட்டு வந்தார். மேலாளர் வாசலிலேயே மறித்து, என்னைப் பார்த்து, “குடிச்சிட்டு வந்தா உள்ள விடமாட்டோம்னு அப்பவே சொன்னேனே சார்?” என்றார்.

சம்பந்தி வீட்டார் பார்த்துக்கொண்டு நின்றார்கள்.

“தெரிஞ்சிக்கினேதான் இங்க கொண்டாந்து போட்டியா மச்சான்? பொண்ணப் பெத்தவன் தெருவுல நிக்கிறேன்பா” என்றார் தங்கை கணவர். அப்படியே ஆரணிக்குப் பேருந்து ஏறிவிட்டார். மறுநாள் நானும் என் மனைவியும்தான் பெண்ணைத் தாரை வார்த்துக் கொடுத்தோம்.

உறவினர்கள் விடுதியைத் திட்டித் தீர்த்தார்கள். தங்கை மகள் மட்டும், “லாட்ஜ்காரர் மேல என்னா தப்பு மாமா? அப்பாவ வெளிய நிக்க வெச்சது நீங்கதான்” என்றாள்.

இப்போது யாருக்கு அறை எடுத்தாலும், விடுதியின் கட்டுப்பாட்டைத் தங்குபவரிடமே முதலில் சொல்லிவிடுகிறேன். தங்கை வீட்டார் மட்டும் என்னை அறை எடுக்கச் சொல்வதில்லை.