வழிமொழிய ஓர் ஆள்

ஆலோசனைக் குழுவில் இருப்பது என்றால், உங்களிடம் கருத்துக் கேட்டுவிட்டு, நீங்கள் வாய் திறக்கும்போது கோப்பி எடுக்க எழும்புகிறவர்களுக்கு நடுவில் இருப்பது. கோயில் நிர்வாக சபையிலோ தொடர்மாடிக் குடியிருப்பாளர் சங்கத்திலோ ஒரு வருடம் தாக்குப்பிடித்தவர்களுக்கு இதை நான் விளக்கத் தேவையில்லை. சம்பளம் கிடையாது. கோப்பி மட்டும் தவறாமல் கிடைக்கும்.

கனடாவின் ஸ்காபரோவில் எங்கள் பகுதிப் பொலிஸ் நிலையத்துக்கு அப்படி ஒரு குழு உண்டு. படித்தவள், வயது போனவள், வீட்டில் சும்மா இருக்கிறவள் என்று தமிழர் சார்பில் என்னைப் பிடித்துப் போட்டார்கள். சீருடையைக் கண்டால் கை தானாக அடையாள அட்டையைத் தேடும் பெண் நான் என்பதை எவரும் விசாரிக்கவில்லை. கூட்டத்தில் பேச்செல்லாம் ஆங்கிலம்தான். என் நினைவில் மட்டும் எல்லாரும் யாழ்ப்பாணத்தில் பிறந்தவர்கள் மாதிரியே கதைக்கிறார்கள்.

எல்லாருக்கும் ஒருத்தி

முதல் நாள் என் பக்கத்துக் கதிரையில் இருந்தவ டெப்ரா. அனிஷினாபே என்ற பூர்வகுடி இனத்தவ, பாடசாலை பஸ் ஓட்டுகிறவ. இந்த நகரத்தில் எத்தனையோ தேசங்களைச் சேர்ந்த பூர்வகுடி மக்கள் வாழ்கிறார்கள். அத்தனை பேருக்குமாகக் குழுவில் இருந்தது அந்த ஒரு கதிரைதான். தமிழருக்கு ஒன்று, அவர்களுக்கும் ஒன்று. எனக்குக் கூச்சமாக இருந்தது. நாங்கள் நேற்று வந்தவர்கள்.

கூட்டம் தொடங்கும்போது, இது பூர்வகுடி மக்களின் நிலம் என்று ஏற்று ஒரு வாசகம் படிப்பார்கள். அதைப் படிக்கும் வேலையையும் டெப்ராவிடமே கொடுத்திருந்தார்கள். தன் வீட்டுக்குத் தானே தன்னை வரவேற்கிற மாதிரி. படித்து முடிந்ததும் முதல் விடயம் பனிக்காலத்தில் தெருவோரம் கார் நிறுத்துவது பற்றியது. வங்கியில் ஓய்வுபெற்ற எங்கள் தலைவர் பவ்வியமாகத் திரும்பி, இதைப் பற்றிப் பூர்வகுடி மக்கள் என்ன நினைக்கிறார்கள் என்று கேட்டார். டெப்ரா கண்ணாடியைக் கழற்றித் துடைத்தா.

“நான் இன்னும் எல்லாரையும் கேட்டு முடிக்கேல்லை. வாற மாதம் சொல்லுறன்.”

யாழ்ப்பாணப் புகையிலை

ஆண்டின் முதல் கூட்டத்தில் பிரார்த்தனை சொல்ல டெப்ராவின் சின்னம்மாவை அழைப்போம் என்று தீர்மானித்தோம். அவர்களுக்குள் அவ பெரிய மதிப்புள்ளவ. தலைவர் மின்னஞ்சல் அனுப்பலாம் என்றார். அப்படிக் கேட்கிற வழக்கமில்லை, புகையிலையைக் கையில் கொடுத்துத்தான் கேட்க வேண்டும் என்றா டெப்ரா. கட்டிடத்துக்குள் புகையிலைக்குத் தடை என்றா பொலிஸ் தரப்பில் எங்களோடு தொடர்புக்கு இருந்த இளம் பெண் சார்ஜன்ட். கோப்பிக்கடைப் பரிசு அட்டை கொடுத்தால் போதாதா என்றார் தலைவர். கோபித்துக்கொண்டு டெப்ரா போய்விடுவாவோ என்று எனக்குப் பதற்றம்.

வெற்றிலை வைத்து அழைக்கும் ஊரில் பிறந்தவளுக்கு இதிலே புரியாமல் போக என்ன இருக்கிறது? அடுத்த நாளே வோபர்னில் ஒரு தமிழ்க் கடைக்குப் போய் நல்ல கறுப்புப் புகையிலையாகக் கேட்டேன். கடைக்காரத் தம்பி என்னை மேலும் கீழும் பார்த்து, “அன்ரி, உங்களுக்கும் உந்தப் பழக்கமோ?” என்றான். முகம் சுட, வாங்கிக்கொண்டு வந்தேன். அவர்கள் புகையிலையை நெருப்பிலே இடுகிறவர்கள், நான் வாங்கியது வெற்றிலையோடு மெல்லுவதற்கு இனிப்புப் பாணியில் ஊறியது என்பதெல்லாம் எனக்கு எப்படித் தெரியும்?

கார் தரிப்பிடத்தில் பையை நீட்டினேன். டெப்ரா திறந்து மணந்தா. இரண்டு தரம் தும்மினா. பிறகு காரில் சாய்ந்து, கண்ணில் நீர் வரச் சிரித்தா. ஆனாலும் பையைத் திருப்பித் தரவில்லை.

“இதைக் கொளுத்தினா உங்கட முன்னோரும் சேர்ந்து எழும்பி வந்திடுவினம்!”

குறித்துக்கொண்டோம்

டெப்ரா குழுவுக்கு வந்ததே ஒரு விடயத்துக்காக. அவவின் அக்கா மகள் காணாமல் போய் ஒரு பனிக்காலம் கடந்துவிட்டது. அக்கா பொலிசுக்குத் தொலைபேசி எடுக்கும் ஒவ்வொரு முறையும் வேறொருவர் பேசுவார். பிள்ளையின் பெயரிலிருந்து மறுபடி தொடங்க வேண்டும். டெப்ரா கேட்டது சின்ன விடயம். பிள்ளையைத் தொலைத்த வீட்டுக்கு வாரம் ஒருமுறை ஒரே அதிகாரி தொலைபேசி எடுக்க வேண்டும், சொல்லச் செய்தி இல்லாவிட்டாலும்.

ஒவ்வொரு கூட்டத்திலும் அவ சொல்வா. தலைவர், “குறித்துக்கொண்டோம்” என்பார். அந்தச் சொல் எனக்குப் புதிதல்ல. ஊரில் தம்பியைத் தேடி இராணுவ முகாம் வாசலில் நின்ற நாட்களில் எங்களுக்கும் அதைத்தான் சொன்னார்கள். கடைசியாகத் தலைவர் அதைச் சொன்ன அன்று, தேநீரைப் பாதியில் வைத்துவிட்டு எழும்பினேன். வெளியே வரும்போது டெப்ரா என் கையைப் பிடித்துச் சொன்னா:

“வாற முறை வாக்கெடுப்புக்கு விடச் சொல்லுவன். அதுக்கும் ஒருத்தரும் வாய் திறக்காட்டில், உந்தக் கதிரையில வேற ஆரையும் இருத்தட்டும்.”

ஒரு கை

வாக்கெடுப்புக்கு விடுவதென்றால் ஒருவர் முன்மொழிய வேண்டும், இன்னொருவர் வழிமொழிய வேண்டும். வழிமொழிய ஆளில்லாவிட்டால் விடயம் அந்த இடத்திலேயே செத்துவிடும். அந்த மாதம் முழுக்க எனக்கு நித்திரை ஒழுங்காக இல்லை. “சும்மா பொலிசோட கொழுவாதேங்கோ, அம்மா,” என்று மகன் வேறு. வேறு யாராவது வழிமொழிவார்கள் என்று எனக்கு நானே சொல்லிக்கொண்டேன்.

டெப்ரா முன்மொழிந்தா. வழிமொழிபவர் யார் என்று தலைவர் கேட்டார். ஒருவர் மூக்குக்கண்ணாடியைத் தேடினார். ஒருவர் கோப்பிக்கு எழுந்தார். டெப்ரா எவரையும் பார்க்கவில்லை. தன் கைப்பையை மெல்ல மடிக்கு எடுத்தா. எனக்கு எதிரே சீருடையில் சார்ஜன்ட். வலது கையைத்தான் உயர்த்த நினைத்தேன். ஊர்ச் சோதனைச் சாவடிகளில் சீருடைக்கு முன்னால் கை உயர்த்திப் பழகிய பிறவிகள் நாங்கள். பார்த்தால், இரண்டு கைகளும் தலைக்கு மேலே நிற்கின்றன. இறக்கவும் தெரியவில்லை. தலைவர் கண்ணாடிக்கு மேலால் என்னைப் பார்த்தார்.

“ஒரு கை போதும், மிஸிஸ் நாதன்.”

செய்தி இல்லை

வாக்கெடுப்பில் தீர்மானம் நிறைவேறியது. மேலிடத்துக்குப் போயிருக்கிறது, பரிசீலிக்கிறார்களாம். ஆனால் அன்று என் இரண்டு கைகளையும் பார்த்துக்கொண்டிருந்த சார்ஜன்ட் மேலிடத்துக்காகக் காத்திருக்கவில்லை. அடுத்த கிழமையே டெப்ராவின் அக்காவுக்குத் தானே தொலைபேசி எடுத்திருக்கிறா. அதற்கடுத்த கிழமையும். பிள்ளை இன்னும் கிடைக்கவில்லை. மேலிடம் மறுத்தால், அல்லது சார்ஜன்டை வேறு இடத்துக்கு மாற்றினால் என்ன ஆகும் என்று நான் யோசித்துக்கொண்டே இருக்கிறேன்.

நேற்றுக் கூட்டத்துக்கு டெப்ரா எனக்கு முன்பே வந்து தன் கதிரையில் இருந்தா. அக்கா என்ன சொல்கிறா என்று பயந்து பயந்து கேட்டேன்.

“செய்தி ஒண்டும் இல்லையெண்டு சொல்லத்தான் அந்தச் சார்ஜன்ட் பிள்ளை எடுக்குது. ஆனா எங்கட பிள்ளையின்ர பேரைச் சரியாச் சொல்லுதாம்.”

இந்தச் சம்பளமில்லாத் தொழிலில் கையை எப்போது உயர்த்த வேண்டும் என்று தலைவர் சொல்லுவார், உயர்த்திய கையை எப்போது இறக்கலாம் என்பதை மட்டும் இன்றுவரை ஒருவரும் எனக்குச் சொல்லவில்லை.