வேப்பிலை பூசும்போது தெரிந்த கறுப்புப் புண்

என் மனைவி மஞ்சுளா எட்டு மாதக் கர்ப்பிணியாக இருந்தபோது அந்தக் காய்ச்சல் வந்தது. போன கார்த்திகை மாதம். கல்யாணமாகிப் பல வருடம் கழித்து எங்களுக்குத் தங்கிய கரு அது. அதற்கு முன்னால் இரண்டு கலைந்துவிட்டன. அதனால் அவள் உடம்பு லேசாகச் சுட்டாலே எனக்கு நெஞ்சு படபடக்கும்.

என் பெயர் ஏழுமலை. அம்பத்தூர் எஸ்டேட்டில் ஒரு கம்பெனியில் ஃபோர்க்லிஃப்ட் ஓட்டுகிறேன். வீடு அயனம்பாக்கம் ஏரிக்குப் பக்கத்தில். மாரியம்மன் மேல் எனக்கும் பக்தி உண்டு. ஆடி மாதம் கூழ் ஊற்றும்போது வரிசையில் போய் நிற்பேன், அவ்வளவுதான். இன்றைக்கு உங்கள் முன்னால் நின்று பேசுகிறேன் என்றால் அது அந்தத் தாய் செய்த வேலை.

முதலில் மழைக் காய்ச்சல் என்றுதான் நினைத்தோம். கிளினிக்கில் மாத்திரை கொடுத்தார்கள். சூடு இறங்கும், மறுபடி ஏறும். தலை பிளந்துவிடும் போல வலிக்கிறது என்று மஞ்சுளா அழுவாள். திருமுல்லைவாயிலில் ஒரு லேபில் ரத்தம் கொடுத்தோம். டெங்கு இல்லை. மலேரியா இல்லை. டைபாய்டும் இல்லை. இதைக் கேட்டு நான் நிம்மதியடைந்திருக்க வேண்டும். ஆனால் பயம்தான் கூடியது. என்ன நோய் என்றே தெரியாவிட்டால் எதற்கு மருந்து கொடுப்பார்கள்?

ஒரு வாரம் ஆகப் போகிற நேரத்தில் அவள் மார்பிலும் வயிற்றிலும் சிவப்புச் சிவப்பாகத் தடித்தது. உடனே குமணன்சாவடியில் இருக்கும் என் அக்கா கன்னியம்மாவைக் கூப்பிட்டேன். அக்கா வருடா வருடம் தீ மிதிப்பவள். அம்மை போட்ட வீட்டிலெல்லாம் அவளைத்தான் கூப்பிடுவார்கள். அவள் வந்து பார்த்தாள். பார்த்ததும் கையெடுத்துக் கும்பிட்டாள்.

"டேய் ஏயுமலை, இது காய்ச்சல் இல்லடா. ஆத்தா எறங்கிகீறா. இனிமே ஊசி, மாத்திரைன்னு எதுனா பண்ணே, தாய் கோவிச்சுக்குவா. தலைக்குத் தண்ணி ஊத்துற வரைக்கும் இவள எங்கியும் இட்டுகினு போவாத."

"அக்கா, வவுத்துல புள்ள கீதுக்கா."

"அந்தப் புள்ளய குடுத்ததே அவதான்டா. அவளுக்குத் தெரியாதா?"

எனக்கு ஒன்றும் ஓடவில்லை. ஆஸ்பத்திரிக்குக் கொண்டுபோனால் தெய்வக் குற்றம் ஆகிவிடுமோ? கொண்டுபோகாமல் இருந்து ஏதாவது ஆகிவிட்டால்? அப்போதுதான் மஞ்சுளா என் கையைப் பிடித்து மெதுவாகச் சொன்னாள். "மாமா, புள்ள காலைலேர்ந்து சரியா ஒதைக்கல."

வீட்டில் நிற்க முடியவில்லை. தெரு முனையில் இருக்கும் மாரியம்மன் கோயிலுக்கு ஓடினேன். உச்சிப் பொழுது, நடை சாத்தியிருந்தது. கம்பிக் கதவைப் பிடித்துக்கொண்டு நின்றேன். எனக்கு மந்திரம் தெரியாது, பாட்டும் தெரியாது. வாய்விட்டுக் கத்தினேன்.

"தாயே, வந்திருக்கறது நீதான்னா சொல்லு. நான் வேப்பிலைய வெச்சிக்கினு அவ பக்கத்துலயே குந்திக்கிறேன். நீ இல்ல, வேற இன்னாவோன்னா, அத்த என் கண்ல காட்டு. எனக்கு முடிவெடுக்கத் தெரியல. காட்டு தாயே."

அது செய்கிறேன், இது செய்கிறேன் என்று எதையும் வேண்டிக்கொள்ளவில்லை. காட்டு, காட்டு என்று மட்டும் கேட்டேன்.

திரும்பி வந்தபோது அக்கா வேப்பிலையும் மஞ்சளும் அரைத்து வைத்திருந்தாள். உடம்பெல்லாம் பூச வேண்டும், நீ வெளியே இரு என்றாள். வாசலில் உட்கார்ந்தேன். கொஞ்ச நேரம்தான் போயிருக்கும். உள்ளே இருந்து அக்காவின் குரல் கேட்டது.

"ஏயுமலை! இங்க வாடா. இன்னாடா இது?"

பூசுவதற்காகப் பாவாடை நாடாவைத் தளர்த்தியிருக்கிறாள். இடுப்பின் பக்கவாட்டில், நாடா அழுத்துகிற இடத்தில் ஒரு புண். பட்டாணி அளவு. நடுவில் கன்னங்கரேல் என்று பொருக்கு, சுற்றிலும் சிவப்பு வளையம். சிகரெட்டால் சுட்ட மாதிரி இருந்தது.

"சுட்டுக்கினியா மஞ்சு?"

"இல்ல அண்ணி. வலியே இல்லயே. இத்த நான் பாக்கவே இல்ல."

எப்படிப் பார்த்திருப்பாள்? வயிறு மறைத்துக்கொண்டிருந்தது.

அக்கா அந்தப் புண்ணையே பார்த்துக்கொண்டிருந்தாள். பிறகு கிண்ணத்தைக் கீழே வைத்தாள். "எத்தினி பேருக்கு நான் வேப்பிலை போட்ருக்கேன். அம்மை முத்து இப்டி இருக்காதுடா. இது இன்னாவோ கடிச்சிகீது. போய் ஆட்டோ புடி."

வழியெல்லாம் மழைத்தண்ணீர். ஆட்டோ ஊர்ந்து ஊர்ந்து போனது. மஞ்சுளாவுக்கு மூச்சு வாங்க ஆரம்பித்தது. அக்கா அவள் தலையை மடியில் வைத்துக்கொண்டு "தாயே, தாயே" என்று சொல்லிக்கொண்டே வந்தாள்.

பெரிய ஆஸ்பத்திரி. பெண் டாக்டர். அவர் கேள்வி கேட்பதற்கு முன்பே அக்கா, "மொதல்ல இத்த பாருங்கம்மா" என்று புண்ணைக் காட்டினாள். டாக்டர் டார்ச் அடித்துப் பார்த்தார். அவர் முகம் மாறியது.

"உங்க வீட்டுப் பக்கம் புதர் இருக்கா? எலி, பெருச்சாளி நடமாட்டம் உண்டா?"

எங்கள் வீட்டுக்குப் பின்னால் காலி மனை. ஆள் உயரத்துக்குப் புதர். பெருச்சாளி வளை தோண்டாத இடமே அங்கே இல்லை. காற்றில் பறந்துபோன துணியை எடுக்க மஞ்சுளா அதற்குள் போவாள். அதைச் சொன்னேன்.

"இது உண்ணிக் காய்ச்சல். ஸ்க்ரப் டைஃபஸ்னு சொல்லுவோம். எலி, பெருச்சாளி மேல ஒட்டியிருக்கிற ரொம்பச் சின்ன உண்ணி, கண்ணுக்கே தெரியாது. புதர்ல நாம போகும்போது மேல ஏறிக் கடிச்சிடும். அது வழியா கிருமி உள்ள போயிடும். டெஸ்ட்டுக்கு அனுப்பறேன். ஆனா ரிசல்ட் வர்ற வரைக்கும் காத்திருக்க மாட்டேன். கர்ப்பிணிக்குக் கொடுக்கக்கூடிய மருந்து இருக்கு, இப்பவே ஆரம்பிக்கிறேன்."

"குழந்தை டாக்டர்?"

"துடிப்பு இருக்கு. ஆனா ரொம்ப வேகமா இருக்கு. அம்மாவுக்கு நுரையீரல்லயும் பாதிப்பு ஆரம்பிச்சிருக்கு. மருந்து கேக்கணும். பொறுங்க."

ஐ.சி.யூ. வாசலில் உட்கார்ந்தோம். எனக்குக் கும்பிடக்கூட வரவில்லை. அக்கா சாப்பிடவில்லை, என் முகத்தையும் பார்க்கவில்லை. தலையைக் குனிந்தபடியே கேட்டாள்.

"என் பேச்ச கேட்டு நீ ஊட்லயே வெச்சிருந்தின்னா இன்னாடா ஆயிருக்கும்?"

"நீ வேப்பிலை பூசலன்னா அந்தப் புண்ண யார்க்கா பாத்திருப்பாங்க?"

அவள் வாயில் முந்தானையை வைத்துக்கொண்டு அழுதாள். நானும் அழுதேன்.

அன்று காய்ச்சல் இறங்கவில்லை. மறுநாளும் ஆக்ஸிஜன் வைத்திருந்தார்கள். அதற்கடுத்த காலை நர்ஸ் வெளியே வந்து என்னைக் கூப்பிட்டார். எழுந்திருக்கவே பயமாக இருந்தது. உள்ளே போனால் மஞ்சுளாவின் நெற்றி ஜில்லென்று இருந்தது. "மாமா, பசிக்குது" என்றாள். என் கையை எடுத்துத் தன் வயிற்றின் மேல் வைத்தாள். உள்ளேயிருந்து ஓர் உதை. இன்னோர் உதை. டெஸ்டும் டாக்டர் சொன்ன நோயைத்தான் காட்டியது.

தை மாதம் பெண் குழந்தை பிறந்தது. சுகப்பிரசவம். வேறு என்ன பெயர் வைப்போம்? மாரி என்றுதான் கூப்பிடுகிறோம்.

கம்பெனியில் நண்பர்கள் கேட்கிறார்கள், "மருந்துதான மச்சான் காப்பாத்துச்சு?" என்று. ஆமாம், மருந்துதான். நான் மறுக்கவில்லை. ஆனால் காட்டு என்று நான் கேட்டேன். கேட்டுவிட்டு வீட்டுக்கு வந்ததும் தாய் காட்டினாள். அதுவும் அவளுக்காகவே அரைத்த வேப்பிலையைப் பூசும்போது காட்டினாள். இதை எப்படி நான் தற்செயல் என்பேன்?

இப்போது செவ்வாய்க்கிழமை தோறும் கோயிலைப் பெருக்கி விளக்கேற்றிவிட்டுத்தான் நான் வேலைக்குப் போகிறேன். எங்கள் தெருக்காரர்கள் சேர்ந்து அந்தக் காலி மனைப் புதரை வெட்டிச் சுத்தம் செய்தோம். அக்காவை இன்னும் வேப்பிலைக்குக் கூப்பிடுகிறார்கள். அவள் போகிறாள். போனதும் முதலில், உடம்பில் எங்கேயாவது கறுப்புப் பொருக்கு இருக்கிறதா என்று அக்குள், இடுப்பு, தொடை இடுக்கு எல்லாம் பார்க்கச் சொல்கிறாள். டாக்டரிடம் காட்டின பிறகுதான் வேப்பிலையைத் தொடுகிறாள்.

தாயை நம்பும் சொந்தங்களே, காய்ச்சல் இறங்காமல் உங்கள் வீட்டில் யாராவது கிடந்தால் அவளிடம் கேளுங்கள். கேட்டுக்கொண்டே ஆஸ்பத்திரிக்கும் கிளம்புங்கள். அவள் அதற்குக் கோபித்துக்கொள்ள மாட்டாள். என் வாழ்க்கையில் நான் பார்த்ததைச் சொல்கிறேன், பெற்றவள் தன் பிள்ளை பிழைப்பதைத்தான் விரும்புவாள்.