இடது இறக்கை

ஐம்பது வயது ஆண் ஒருவர் கடையில் நின்று விண்கலப் பொம்மைப் பெட்டியைப் புரட்டிப் பார்ப்பது மலேசியாவின் ஈப்போ நகரில் யாருக்கும் விசித்திரமில்லை. எனக்கு மட்டும்தான் விசித்திரமாக இருந்தது. மணமாகித் தஞ்சாவூரிலிருந்து ஈப்போவின் சிலிபினுக்கு வந்த புதிதில், என் கணவர் மேசையில் பிளாஸ்டிக் கட்டைகளைக் கொட்டியபோது, பக்கத்து வீட்டுக் குழந்தைக்கு என்று நினைத்தேன். அவருக்கே என்று தெரிந்தபோது ஊருக்கு எழுதக் கூச்சமாக இருந்தது. இப்போதுதான் எழுதுகிறேன்.

அவர் பிறந்தது சிலிம் ரிவர் பக்கத்து ரப்பர்த் தோட்டத்தில். தோட்டத்துத் திடலில் வெள்ளைத் துணி கட்டிப் படம் காட்டுவார்களாம். ஒருமுறை தமிழ்ப் படம் வந்துசேராமல், ஆங்கில விண்வெளிப் படம் ஒன்றை ஓட்டியிருக்கிறார்கள். பெரியவர்கள் திட்டிக்கொண்டே எழுந்து போக, இவர் மட்டும் புல்லில் உட்கார்ந்து முழுதும் பார்த்தாராம். அந்தத் திடலில் இன்று எண்ணெய்க்கான செம்பனை நிற்கிறது. அந்தப் படத்தின் விண்கலங்கள் எங்கள் அலமாரியில் நிற்கின்றன.

ஜெலாப்பாங் தொழிற்சாலையிலிருந்து வந்து குளித்ததும் உட்காருவார். துண்டுகளை நிறம், அளவு பார்த்து முட்டை அட்டையின் குழிகளில் பிரித்து வைப்பது என் வேலை. படப்புத்தகத்திலிருந்து கண்ணை எடுக்காமல் கையை நீட்டுவார். அடுத்த துண்டை அதில் வைப்பேன். எங்கள் இல்லறத்தின் பேச்சில் பாதி அதுதான்.

போன மாதம் ஒரு கலத்தின் வலது இறக்கையை முடித்துவிட்டுப் படுத்தவர், காலையில் எழவில்லை.

இங்கே கருமாதிப் படையலில் கறுப்பு பீரைக்கூட மூடி திறந்துதான் வைக்கிறார்கள். ஆட்டுக்கறி, சிகரெட், அவர் விரும்பிய எல்லாம் இலைக்கு வந்தன. எங்களோடு இருக்கும் அவர் தங்கை சாந்தி, அந்தக் கலத்தையும் தூக்கி வந்தாள். பாதியில் நிற்பதைப் படைக்கலாமா என்று தயங்கினேன்.

“பாதியா இருந்தா என்னா அண்ணி? அண்ணனே வந்து முடிச்சிக்கட்டும்லா.”

இடது இறக்கையின் துண்டுகளைப் பிரித்து, வழக்கம்போல முட்டை அட்டையில் அடுக்கிப் பக்கத்தில் வைத்தேன். கதவைச் சாத்திவிட்டு வெளியே காத்திருந்தோம். பக்கத்து வீட்டுச் சீன ஆண்டி, அவர்கள் இறந்தவருக்குப் பொருள்களை எரித்து அனுப்புவதுபோல நாங்களும் பொம்மையை எரிக்கப் போகிறோம் என்று நினைத்துக்கொண்டு, பிளாஸ்டிக் நாறும், காகிதத்தில் செய்துதரக் கடை இருக்கிறது என்று மலாயில் சொல்லிக்கொண்டிருந்தார். சாந்தி எவ்வளவோ விளக்கியும் ஆண்டி அந்தக் கடையின் பெயரைச் சொல்லிவிட்டுத்தான் போனார். கதவைத் திறந்ததும் நான் பார்த்தது முட்டை அட்டையைத்தான். எல்லாத் துண்டுகளும் வைத்த இடத்திலேயே இருந்தன. அவர் ஒருநாளும் அதிலிருந்து தானாக எடுத்ததில்லை.

தஞ்சாவூரிலிருந்து தம்பி தினமும் கூப்பிடுகிறான். இனி அங்கே யார் இருக்கிறார்கள், நிரந்தரமாக வந்துவிடு என்கிறான். நாளைக்குப் புறப்படுகிறேன். பெட்டி அடுக்கும்போது, இடது இறக்கையின் துண்டுகளை ஒரு பிஸ்கட் டின்னில் போட்டுச் சேலைகளுக்கு நடுவே வைத்தேன். சாந்தி வாசலில் நின்று பார்த்துக்கொண்டிருந்தாள்.

“அத ஏன் எடுக்கிறீங்க அண்ணி? இங்கயே இருக்கட்டும். வந்து முடிச்சிக்கலாம்.”

நான் மூடியை இறுக்கினேன்.

“வருவீங்கதானே?” என்றாள், இந்த முறை மெதுவாக.

திரும்பக் கொண்டுவருவதற்காக எடுத்தேனா, வேறு யாரும் முடித்துவிடக் கூடாது என்று எடுத்தேனா, எனக்கே தெரியவில்லை. அவள் கலத்தைத் துடைத்து, ஒற்றை இறக்கையோடு அலமாரியில் வைத்தாள். பெட்டியைத் தூக்கி வாசல் பக்கம் நகர்த்தினேன். உள்ளே இன்னொரு இறக்கை கிலுகிலுத்தது.