இரண்டு விரல் அகலம் காப்பிக் கலர்

எங்கள் வீட்டு முன்னறையில் ஒரு தேக்குப் பெட்டி இருக்கிறது. எப்போதோ ஒருவரோடு கப்பலேறிக் கொழும்புக்குப் போய் வந்த பெட்டி. மூலைகளில் பித்தளை, தூக்குவதற்கு இரண்டு பக்கமும் இரும்பு வளையம். நான்கு பக்கமும் பெயிண்ட் இல்லாத வெறும் மரம். எண்ணெயும் தேன்மெழுகும் குடித்துக் குடித்து ஊறிப்போன மரம். வருகிறவர்கள் அதைத் தடவிப் பார்க்காமல் உட்கார மாட்டார்கள். மூடியில் மட்டும் சந்தனக் கலர் பெயிண்டும் அதன்மேல் சிவப்பு எழுத்தும் இருக்கும். எழுத்தைப் பார்த்தால் சிரிப்பார்கள். அடுத்து மூடியின் வலது ஓரத்தைப் பார்த்துவிட்டு என்னைப் பார்ப்பார்கள். அங்கே இரண்டு விரல் அகலத்துக்கு, திட்டுத்திட்டாக, பிரஷ் முடி ஒட்டிக் காய்ந்துபோன காப்பிக் கலர். எப்படிப் பார்த்தாலும் அசிங்கமான வேலை. அதைப் பற்றிச் சொல்ல வேண்டுமென்றால் என் சித்தப்பாவைப் பற்றித்தான் சொல்ல வேண்டும்.

சித்தப்பா பெயிண்டர். சங்கரன்கோவிலிலும் சுற்றுப்பட்டிலும் அவர் ஏணி சாயாத தெரு கிடையாது. கடையநல்லூரில் ஒரு வீட்டுக்குப் பெயிண்ட் அடிக்கப் போனபோது, கொழும்பில் ஜவுளி வியாபாரம் பார்த்த அந்த வீட்டுப் பெரியவரின் பெட்டியை விறகுக்கென்று முற்றத்தில் போட்டிருந்தார்களாம். அடிப்பலகை கறையான் பிடித்து, செல் அரித்துக் கிடந்தது. சித்தப்பா கேட்டு வாங்கி, பஸ்ஸின் மேல் ஏற்றிக்கொண்டு வந்து சேர்ந்தார். "அவனவன் வேலைக்குப் போயி துணிமணி வாங்கிட்டு வருதான், எங்க கொழுந்தனாரு செல்லு வாங்கிட்டு வந்திருக்காரு" என்று அம்மா தெருவுக்கே சொல்லிச் சிரித்தாள். அவர் புதிதாக அடிப்பலகை போட்டார். அதன்பின் ஒவ்வொரு பொங்கலுக்கும், எந்த வீட்டு வேலையில் டப்பாவின் அடியில் பெயிண்ட் மிஞ்சியதோ அந்தக் கலரைப் பெட்டிக்கு அடித்தார். ஒரு வருஷம் பச்சை, ஒரு வருஷம் நீலம், ஒரு வருஷம் ரோஸ். எங்கள் துணியெல்லாம் அதற்குள்தான் இருந்தது.

எங்கள் வீட்டில் முதலில் பள்ளிக்கூடம் போனவன் நான். பாளையங்கோட்டையில் கல்லூரியில் இடம் கிடைத்து ஹாஸ்டலுக்குக் கிளம்பியபோது, பெட்டியை எனக்கென்று ஒதுக்கினார்கள். சித்தப்பா நல்ல சந்தனக் கலர் வாங்கி வந்து அடித்தார். அந்த ஒரு தடவைதான் அது மிஞ்சிய பெயிண்ட் இல்லை. அவருக்குப் படிக்கத் தெரியாது. ஆனால் எழுதிக் கொடுத்ததை அப்படியே வரைவார். என் பெயரை ஒரு தாளில் எழுதச் சொன்னார். "என்ன படிப்புலே?" என்று கேட்டார். சொன்னேன். "அதயும் எழுது." சும்மா தெரிந்துகொள்ளத்தான் கேட்கிறார் என்று எழுதிக் கொடுத்தேன். மறுநாள் காலையில் மூடி முழுக்க, சிவப்பில், ஒவ்வொரு எழுத்துக்கும் கறுப்பு நிழல் விழ, என் பெயரும் பக்கத்தில் பி.எஸ்சி.யும் பளபளத்தன. நான் இன்னும் ஒரு வகுப்பில்கூட உட்காரவில்லை.

ஹாஸ்டலில் மற்றவர்களெல்லாம் சக்கரம் வைத்த சூட்கேஸை உருட்டிக்கொண்டு வந்தார்கள். நானும் அப்பாவும் ஆளுக்கொரு வளையத்தைப் பிடித்து இதைத் தூக்கிக்கொண்டு மாடியேறினோம். "ஏலே, இங்கன வந்து பாருங்கலே. இவன் பட்டத்த வாங்கிட்டுத்தான் படிக்கவே வந்திருக்கான்" என்று ஒருவன் கூப்பிட, வராந்தா முழுக்கக் கூடிவிட்டது. அன்றிலிருந்து என் பெயர் 'பட்டதாரி'. சாப்பாட்டு வரிசையில் "பட்டதாரிக்கு வழி விடுங்கலே" என்பார்கள். ஒரு வாரம் தாங்கினேன். ஞாயிற்றுக்கிழமை கடைக்குப் போய், இருப்பதிலேயே சிறிய டப்பாவில் காப்பிக் கலர் வாங்கி, மூடிக்கு மட்டும் அடித்தேன். சிவப்பு மங்கலாகத் தெரிந்தது. பெயர் இருந்த இடத்தில் மட்டும் இன்னொரு தடவை அடித்தேன்.

மூன்று வருஷம் கழித்துப் பெட்டி வீடு திரும்பியது. சித்தப்பா மூடியைப் பார்த்தார். எதுவும் கேட்கும் முன்பே, "பெட்டியெல்லாம் ஒரே கலர்ல இருக்கணும்னு ஹாஸ்டல் ரூல், சித்தப்பா" என்றேன். "ரூலுன்னா செஞ்சுதான ஆகணும்" என்று சொல்லிவிட்டுக் கை கழுவப் போய்விட்டார். ஆனால் அடுத்து வந்த பொங்கலுக்கு அவர் அந்தப் பெட்டியைத் தொடவில்லை. அதற்கடுத்த பொங்கலுக்கும் தொடவில்லை. அம்மா கேட்டதற்கு, "படிச்சவன் பெட்டி மைனி, அவனே பாத்துக்கிடட்டும்" என்றார். அந்தச் சொல் எனக்குள் முள்ளாக நின்றது. அவருக்குத் தெரிந்துவிட்டதா, தெரியாதா என்று கேட்கவும் எனக்குத் தைரியமில்லை.

நான் பள்ளிக்கூட வாத்தியாரானேன். எங்கள் பள்ளியில் பழைய பதிவேடுகள் கிடந்த ஒரு மரப்பெட்டியை ஒரு லீவு நாளில் சும்மா சுரண்டிப் பார்த்தேன். அடியில் தேக்கு. அங்கே பிடித்த கிறுக்குதான். போனில் வீடியோ பார்த்துக் கற்றுக்கொண்டு, ஞாயிற்றுக்கிழமைகளில் தெரிந்தவர்கள் வீட்டுப் பயணப் பெட்டிகளைச் சரிசெய்யத் தொடங்கினேன். எல்லாருக்கும் ஒரே பாடம் நடத்துவேன்: பழையதைப் புதிதாக்கக் கூடாது, அது பட்ட அடி தெரிய வேண்டும். அதைக் கேட்டுவிட்டும், அழுக்குப் பெட்டியை அடுத்தவரிடம் எப்படிக் கொடுப்பது என்று கூசி, வீட்டுப் பெண்கள் பித்தளையைப் புளி போட்டுத் தேய்த்துக் குத்துவிளக்கு மாதிரி பளபளவென்றுதான் கொடுத்து அனுப்புவார்கள். சித்தப்பா அப்போது மூட்டுவலியால் ஏணியை விட்டிருந்தார். கவிழ்த்துப் போட்ட பெயிண்ட் வாளியில் உட்கார்ந்து என் வேலையை வேடிக்கை பார்ப்பார். "நான் ஆயுசு பூரா அடிச்சத நீ ஞாயித்துக்கிழமையிலயே சுரண்டித் தீத்துருவ போலிருக்கே மக்கா" என்பார்.

ஊரார் பெட்டியெல்லாம் முடித்த பிறகு எங்கள் பெட்டியை எடுத்தேன். பெயிண்டை ஒவ்வொரு கோட்டாகக் கழற்றினேன். சந்தனக் கலருக்குக் கீழே ரோஸ் வந்தது. வாளியில் உட்கார்ந்தபடி சித்தப்பா அடையாளம் சொன்னார். "இது புளியங்குடி எலுமிச்சங்கா கமிஷன் கடைக்காரர் வீடு. எனக்கு மதியச் சோறு போட வாழ எல வாங்க ஆள் விட்ட மனுசன்." நீலம். "இது பள்ளிக்கூடம். நீ மூணாப்பு படிச்சியே, அதே ரூம்பு." பச்சை. "இது கடையநல்லூரு. பெட்டி வந்த வீட்டுக் கலரையே பெட்டிக்கு அடிச்சேன் பாரு." அந்தச் சுவர்களில் எல்லாம் அதன்பின் வேறு யார் யாரோ வேறு கலர் அடித்துவிட்டார்கள். இங்கேதான் அவர் கலர்கள் வரிசையாக இருந்தன. அதைத்தான் நான் சுரண்டுகிறேன் என்று புரிந்தபோது கை தயங்கியது. "சுரண்டுலே, மரத்த நானும் பாக்கணும்லா" என்றார். பக்கங்கள் முடிந்தன. மூடி மட்டும் பாக்கி. அதன் காப்பிக் கலரைக் கழற்றினால் என் பெயர் அவர் கண்ணுக்கு முன்னால் எழும்பி வரும். அடுத்த ஞாயிறு அவர் திருவேங்கடத்தில் மகள் வீட்டுக்குப் போவதாக இருந்தார். அன்றைக்கு, யாரும் பார்க்காதபோது, பெயரோடு சேர்த்து மரம் வரைக்கும் சுரண்டிவிடலாம் என்று முடிவு செய்தேன். என் பொய்யும் அதோடு போய்விடும்.

புதன்கிழமை சாயங்காலம் பள்ளிவிட்டு வந்தேன். சித்தப்பா வாளியில் உட்கார்ந்திருந்தார். கையில், நான் பெயிண்ட் சுரண்டும் பட்டித் தகடு. காலைச் சுற்றிக் காப்பிக் கலர்ச் செதில்கள். மூடியில் என் பெயர், ஒரு கீறல் இல்லாமல், கறுப்பு நிழலோடு. நான் அடித்ததை மட்டும், கீழே இருந்த எழுத்தைத் தொடாமல், எடுத்திருந்தார். எனக்கு அந்தக் கை வராது.

"உப்புத்தாள் போடாம, பிரைமர் இல்லாம அடிச்சிருக்க. அதான் அப்பளமா வருது" என்றார் நிமிராமல்.

நான் பையை இறக்கி வைத்தேன். "ஹாஸ்டல்காரன் மூடிக்கு மட்டுமாலே ரூல் போடுவான்?" என்றார். "அதுலயும் பேரு மேல ரெண்டு கோட்டு. அது எந்த ரூலு?"

வராந்தாவில் கூடிச் சிரித்ததை, பட்டதாரி என்று கூப்பிட்டதை, சிறிய டப்பாவை, எல்லாவற்றையும் சொன்னேன். பட்டதாரி என்றதும் அவருக்கு உடம்பு குலுங்கச் சிரிப்பு வந்துவிட்டது. "ஆயிட்டல்லா?" என்றார். அவர் சிரித்து முடித்த பிறகு, அத்தனை பொங்கலுக்கும் பெட்டியைத் தொடாமல் விட்டது கோபத்தினாலா என்று கேட்டேன்.

"கோவமா? மேல நானும் அடிச்சா பேரு இன்னும் கீழ போயிரும்லா."

செதில்களைக் கூட்டி அள்ள நான் குனிந்தேன். முகத்தை அவருக்குக் காட்ட முடியவில்லை. பிறகு மூடியின் ஓரத்தில் மிஞ்சியிருந்த காப்பிக் கலரைப் பார்த்து, "அதையும் நான் எடுத்திருதேன் சித்தப்பா" என்று தகட்டுக்குக் கை நீட்டினேன். அவர் தரவில்லை. "அது கெடக்கட்டும். பட்ட அடி தெரியணும்னு ஊரெல்லாம் பாடம் எடுத்தது நீதான?" என்று தகட்டைத் துடைத்துப் பையில் போட்டுக்கொண்டார்.

இப்போது அவர் திருவேங்கடத்தில் மகளோடு இருக்கிறார். பிரைமர் இல்லாத பெயிண்ட் உதிரப் பார்க்கும். அதனால் அந்த இரண்டு விரல் அகலத்துக்கு மட்டும் நான் மாதம் ஒருமுறை மெழுகு பூசுகிறேன். ஊரார் பெட்டியில் பெயிண்ட் எடுக்கிறவன், என் பெட்டியில் அது உதிராமல் காக்கிறேன். போன ஆடித்தபசுத் திருவிழாவுக்குச் சித்தப்பா வந்திருந்தார். அன்றைக்கு வீட்டுக்கு வந்த எங்கள் பள்ளிக் கணக்கு வாத்தியார் பெட்டியைச் சுற்றிச் சுற்றிப் பார்த்துவிட்டு, ஓரத்தில் விரலை வைத்து, "இவ்வளவு நல்லா செஞ்சிட்டு இத மட்டும் ஏன் சார் விட்டுட்டீங்க?" என்றார். நான் அடித்தது என்று சொல்ல வாயெடுத்தேன். சித்தப்பா டீயைக் கீழே வைக்கக்கூட இல்லை.

"அது ஹாஸ்டல் ரூலு, சார்."