திருநெல்வேலியில் எழுதிக் குருணில் ஒலித்த நிரல்

மலேசியாவில் குருண் என்ற ஊருக்கு வெளியே ஒரு தோட்டத் தமிழ்ப்பள்ளியில் ஆறாம் ஆண்டுக்குத் தொழில்நுட்பப் பாடம் எடுக்கிறேன். இணையத்தில் ஆசிரியர்களுக்கான பயிற்சி ஒன்றில் திருநெல்வேலிப் பக்கத்து அரசுப் பள்ளி ஆசிரியை ஒருவர் பழக்கமானார். நாங்கள் இருவரும் பேசிப் பேசி, இரண்டு வகுப்புகளையும் காணொளியில் சந்திக்க வைப்பது என்று முடிவு செய்தோம். எங்களுக்குப் பள்ளி முடியும் மதிய நேரம், அவர்களுக்கு முற்பகல் வகுப்பு.

என் பிள்ளைகள் பெருமையோடுதான் உட்கார்ந்தார்கள். பள்ளிக்குப் பின்னால் இருக்கும் கால்வாய் மழைக்காலத்தில் நிரம்பிவிடும். தண்ணீர் ஏறியதும் மணி அடிக்க ஒரு கருவி செய்திருந்தார்கள். உள்ளங்கை அளவு மின்பலகை, அதை இயக்கக் கணினியில் கட்டளைக் கட்டங்களை அடுக்கி எழுதிய நிரல், பலகையில் இரண்டு கம்பிகள், முன்னால் ஒரு வாளி. திரையில் தெரிந்த வகுப்பில் அப்படிப் பலகை எதுவும் இல்லை. கரும்பலகையும் தாள்களும்தான்.

வாளியில் தண்ணீர் ஊற்றினார்கள். கம்பிகள் முழுகின. சத்தமே வரவில்லை.

"டீச்சர், போர்ட் ரோசாக் லா!" என்று கம்பியைப் பிடித்திருந்த மாணவி, பலகை பழுதாகிவிட்டதென அலறினாள். வேறு பலகையை மாற்றி, வாளியைக் காலி செய்து மறுபடி ஊற்றினோம். அதுவும் ஊமையாகவே இருந்தது.

திரையில் இரட்டைப் பின்னல் போட்ட ஒரு பெண் எழுந்து நின்றாள். "மிஸ், அவங்க எழுதுன நிரலைக் காட்டச் சொல்லுங்க."

காட்டினோம். அவள் அதைத் தாளில் எழுதிக்கொண்டாள். பிறகு தோழி ஒருத்தியை முன்னால் நிற்க வைத்து, "நீதான் பலகை. நான் சொல்லுறத மட்டும்தான் செய்யணும்" என்றாள். ஒவ்வொரு வரியாக வாசிக்க வாசிக்கத் தோழி நடித்தாள். தண்ணீரைப் பார்த்தாள், இல்லை என்றாள், நின்றுவிட்டாள். அவ்வளவுதான்.

"பாத்தீங்களா, ஒரே ஒரு தடவைதான் தண்ணியப் பாக்கச் சொல்லிருக்கீங்க. அதுக்கப்புறம் அது பாக்கவே பாக்காதுல்லா!"

"ஏய், அவங்களும் 'லா' போட்டுப் பேசுறாங்க!" என்று யாரோ கத்த, இரு நாடும் சேர்ந்து சிரித்தது. சிரிப்பினூடே, சொன்னதைத் திரும்பத் திரும்பச் செய்ய வைக்கும் 'எப்போதும்' என்ற கட்டத்துக்குள் என் பிள்ளைகள் கட்டளைகளை இழுத்துப் போட்டார்கள். மீண்டும் தண்ணீர் ஊற்றியதும் மணி காதைத் துளைத்தது. அந்தப் பக்கம் அவர்கள் மேசையைத் தட்டிக் கொண்டாடினார்கள்.

என் பிள்ளைகள் கட்டங்களை இழுத்துப் போட்டு, ஓடாவிட்டால் வேறொன்றை மாற்றிப் பார்த்துப் பழகியவர்கள். திருநெல்வேலிப் பிள்ளைகளுக்கோ பள்ளியில் கணினியில் உட்கார முறை வருவதே அபூர்வம். அதனால் மனத்துக்குள் முழுதாக ஓட்டிப் பார்த்த பிறகுதான் ஒரு வரி எழுதுவார்கள். எங்கள் கை வேகமும் அவர்கள் கண் கூர்மையும் ஒரே வகுப்பில் இருந்தால் எப்படி இருக்கும் என்று எனக்குப் பரபரத்தது.

அடுத்த வாரம் அதைச் செய்தும் பார்த்தோம். அவர்கள் பள்ளித் தண்ணீர்த் தொட்டி அடிக்கடி நிரம்பி வழியுமாம். நிரம்பினால் மணி அடிக்கவும் தண்ணீர் இறங்கினால் நிற்கவும் ஒரு நிரலைத் தாளில் எழுதி வைத்திருந்தார்கள். அவர்கள் வரி வரியாகச் சொல்ல, என் பிள்ளைகள் கணினியில் ஏற்றினார்கள்.

"மெதுவா சொல்லுங்க லா!"

"நீங்க வேகமாப் போடுங்கல்லா!"

வாளி நிரம்பியது, மணி அடித்தது. தண்ணீரை மொண்டு வெளியே ஊற்றியதும் நின்றது. முதல் முயற்சியிலேயே!

திரையில் இரட்டைப் பின்னல்காரி வாயைப் பொத்திக்கொண்டு நின்றாள். அவர்கள் எழுதிய எதுவும் அதுவரை ஒரு கருவியில் ஓடியதே இல்லை என்று அந்த ஆசிரியை சொன்னார்.

"இன்னொரு தடவ அடிக்க வைங்க" என்று அவள் கேட்டாள். வெளியே பள்ளிப் பேருந்து ஹாரன் அடித்துக்கொண்டிருந்தது. என் வகுப்பில் ஒருவரும் பேருந்துக்குப் போகவில்லை. வாளியை மறுபடி நிரப்ப எல்லோரும் குழாயடிக்கு ஓடினார்கள்.