வகுப்புக்கும் பகுப்புக்கும் ஓரெழுத்து

அவள் அந்தப் பள்ளியை விட்டுப் போனது ஒரு வியாழக்கிழமை, அரையாண்டு விடைத்தாள்களைத் திருப்பிக் கொடுத்த நாள். கையில் சாப்பாட்டுப் பாத்திரம், தோளில் பை, பைக்குள் சொந்தக் காசில் வாங்கிய லென்சுகள். பள்ளியின் லென்சுகளைத் துடைத்து, ஆய்வுக்கூட மேசைமேல் எல்லோரும் பார்க்கும்படி வரிசையாக வைத்துவிட்டுத்தான் படியிறங்கினாள். திருடி என்று சொல்ல ஒரு வாய் தயாராக இருந்தது அவளுக்குத் தெரியும். அந்த வாய் அவள் கூடப் பிறந்த தம்பியுடையது.

அவள் இயற்பியல் டீச்சர். எதைக் கண்டாலும் பிரித்துப் பிரித்து வைப்பதால் பிள்ளைகள் சல்லடை என்று பெயர் வைத்திருந்தார்கள். தம்பி அதே பள்ளியில் கணக்கு வாத்தியார். எந்தக் கணக்கைப் பார்த்தாலும் "மீதி எங்கடா?" என்று கத்துவதால் அவன் பெயர் மீதி. சல்லடையும் மீதியும் ஒரே வயிற்றில் பிறந்தவர்கள் என்றால் புதிதாகச் சேர்ந்த பிள்ளைகள் நம்பமாட்டார்கள். இருவரும் பேசிக்கொள்வதைப் பார்த்தால் ஒரே தெருவில் பிறந்தவர்கள் என்றுகூட நம்பமுடியாது.

சண்டை பள்ளி விக்கியைப் பற்றியது. சுற்றுவட்டாரப் பள்ளிகள் சேர்ந்து இணையத்தில் நடத்திய பாடக் களஞ்சியம் அது. கணக்கு வைத்திருக்கும் யாரும் எழுதலாம், யாரும் திருத்தலாம். பக்கத்தின் கடைசி வரியில் 'பகுப்பு' என்று அடித்து, முக்காற்புள்ளி வைத்து, 'ஒளி' என்று போட்டால் அந்தப் பக்கம் ஒளி என்னும் குவியலில் தானாகப் போய் உட்காரும். அந்த ஒரு வரியை யாரும் மதிக்காமல் பக்கங்கள் திசைக்கொன்றாய்க் கிடந்த காலத்தில், ஆண்டுக்கணக்கில் உட்கார்ந்து ஒழுங்கு செய்தவள் அவள். ஒளி, ஒலி, வெப்பம், விசை. எல்லாம் பொருள்வாரியாக. எந்தப் பக்கத்திலும் அது எந்த வகுப்புக்கு உரியது என்ற அடையாளம் இருக்காது. இருந்தால் அழித்துவிடுவாள்.

தம்பிக்கு அதுதான் வயிற்றெரிச்சல். அன்று தலைமையாசிரியை அறையில் மேசையைத் தட்டினான்.

"ஒவ்வொரு பெத்தவங்களும் வந்து என் பிள்ளைக்கு எது பாடம்னு கேக்குறாங்க மேடம். ஆறாம் வகுப்பு, ஏழாம் வகுப்புன்னு பிரிச்சா முடிஞ்சது. இவங்க குவியல்ல ஆறும் பன்னெண்டும் ஒண்ணா கெடக்கு."

"ஒண்ணா கெடக்கணும்னுதான் போட்டேன்," என்றாள்.

"ரெண்டையும் போட்டா என்னம்மா? ஒரு பக்கத்துக்கு எத்தனை பகுப்பு வேணும்னாலும் போடலாமே?" தலைமையாசிரியைக்கு மதியச் சாப்பாட்டு நேரம் நெருங்கிக்கொண்டிருந்தது.

"போடலாம் மேடம். போட்டா, பத்தாவது படிக்கிற பிள்ளை லென்சு புரியலைன்னு பின்னால போய்ப் படிக்கும்போது கீழே 'ஏழாம் வகுப்பு'ன்னு பல்லை இளிச்சிக்கிட்டு நிக்கும். பக்கத்துல இருக்கிறவன் பாப்பான். அப்புறம் அந்தப் பிள்ளை அந்தப் பக்கம் தலைவச்சும் படுக்காது."

தம்பி சிரித்தான். "புரியுது மேடம். ஏழாப்புக்கு ஏழாப்பு ஞாபகம்."

அறையில் இருந்த மற்ற யாருக்கும் அது விளங்கவில்லை. அவளுக்கு முகம் சிவந்தது. அவள் பத்தாவது படித்தபோது கோளக ஆடி என்ற வளைவுக் கண்ணாடிப் பாடம் புரியாமல், தம்பியின் ஏழாம் வகுப்புப் புத்தகத்தை எடுத்து மாடிப்படியில் மறைவாக உட்கார்ந்து படித்தாள். அவன் பார்த்துவிட்டான். பார்த்தவன் புத்தகத்தைப் பிடுங்கித் தெருவெல்லாம் ஓடினான். "எங்கக்கா பத்தாவது, படிக்கிறது ஏழாவது!" அதன்பின் பல ஆண்டுகளுக்கு அந்தத் தெருவில் அவள் பெயர் ஏழாப்பு. கல்லூரியில் தங்கப் பதக்கம் வாங்கியபோதும் எதிர்வீட்டுக்காரன் "என்ன ஏழாப்பு, பாஸா?" என்றுதான் கேட்டான்.

"வகுப்புவாரியா மாத்துங்க சார்," என்று தலைமையாசிரியை எழுந்தார். அவளும் எழுந்தாள். ராஜினாமாவை நின்றுகொண்டே எழுதினாள்.

"போறியா? போ," என்றான் தம்பி வாசலில். "நீ இல்லேன்னா ஒளி அணைஞ்சுடாது."

"பாக்கலாம்டா மீதி."

டயர் கடைக்கு மேல்மாடியில் நடந்த தனிப்பயிற்சி நிலையத்தில் வேலை கிடைத்தது. கீழே டயருக்குக் காற்றடிக்கும்போதெல்லாம் மேலே கரும்பலகை அதிரும். விக்கி ஒரு பள்ளிக்கு மட்டும் சொந்தமில்லை என்பதால் அவள் கணக்கை யாராலும் மூட முடியவில்லை. தம்பி மதியத்தில் 'ஏழாம் வகுப்பு' என்று சேர்ப்பான். மாலையில் அவள் எடுப்பாள். ஒவ்வொரு மாற்றத்துக்கும் காரணம் எழுத ஒரு சின்னப் பெட்டி உண்டு. அக்காவும் தம்பியும் அந்தப் பெட்டிக்குள்தான் குடும்பம் நடத்தினார்கள்.

"வேலையில்லாதவர்கள் செய்த மாற்றம் நீக்கப்பட்டது."

"ஒற்றுப்பிழையுடன் செய்த மாற்றம் நீக்கப்பட்டது."

"வாடகை வீட்டில் இருப்பவருக்கு வாய் நீளம்."

"அம்மா கட்டிய வீட்டில் இருப்பவருக்கு அதைவிட நீளம்."

விஷயம் அம்மாவின் காதுக்குப் போனது. அம்மா தம்பியோடு இருந்தாள். தொலைபேசியில் அழைத்தாள்.

"ரெண்டு பேரும் கம்ப்யூட்டருக்குள்ள சண்டை போடுறீங்களாமே? நேர்ல போட்டாலாவது நடுவுல வந்து நிப்பேன். அதுக்குள்ள நான் எப்படிடி நுழையுறது?"

"உன் பிள்ளையைக் கேளு."

"அவன் உன்னைக் கேக்கச் சொல்றான்."

"அப்ப ஒரு கண்ணுல வெண்ணெய், ஒரு கண்ணுல சுண்ணாம்புன்னு இரு. உனக்குப் பழக்கம்தானே," என்று வைத்துவிட்டாள். அம்மா அதன்பின் அழைக்கவில்லை.

தினம் ஒவ்வொன்றாக மாற்றி மாளாது என்று தம்பிக்குத் தோன்றியது. முழுத்தேர்வுக்கு முந்தைய வாரம், கணினி அறைக்காரரிடமிருந்து எல்லாப் பக்கங்களின் கடைசி வரியையும் ஒரே அடியாக மாற்றும் கருவியைக் கேட்டு வாங்கினான். பாடநூல்களின் தலைப்புகளைப் பார்த்து எந்தப் பக்கம் எந்த வகுப்புக்கு என்று அவனே அடித்துக் கொடுத்தான். பொத்தானை அமுக்கிவிட்டுத் தேநீர் குடிக்கப் போனான்.

திரும்பி வந்தபோது விக்கி மொட்டையடித்துக் கிடந்தது. ஒளியைத் திறந்தால், 'இந்தப் பகுப்பில் பக்கங்கள் ஏதும் இல்லை'. ஒலியில் இல்லை, விசையில் இல்லை. ஏழாம் வகுப்பு என்று தேடினால் அப்படி ஒரு குவியலே உருவாகவில்லை. எல்லாப் பள்ளிகளிலிருந்தும் அழைப்பு வந்தது. தலைமையாசிரியை அவளை அழைத்தார்.

"டீச்சர், எல்லாம் காலி. கொஞ்சம் வந்து பாருங்களேன்."

"ஒளி அணைஞ்சுடுச்சா?" என்று கேட்டாள். கேட்டுவிட்டுப் போனாள்.

கணினி அறையில் ஆசிரியர்கள் கூடி நின்றார்கள். தம்பி ஜன்னலோரம் முதுகைக் காட்டி நின்றான். அவள் ஒரு பக்கத்தைத் திறந்து, கடைசி வரியைப் பார்த்து, நாற்காலியில் நன்றாகச் சாய்ந்துகொண்டாள்.

"டேய் மீதி. இங்க வா. இதை வாய்விட்டுப் படி."

அவன் வரவில்லை. கணினி அறைக்காரர் குனிந்து படித்தார். "வகுப்பு, முக்காற்புள்ளி, ஏழாம் வகுப்பு."

"என்ன போடணும்?"

அவர் நாக்கைக் கடித்துக்கொண்டார். "ஐயோ. பகுப்பு!"

அந்த இயந்திரத்துக்குப் பகுப்பு என்ற ஒரு சொல்தான் தெரியும். வேறு எதைப் போட்டாலும் இல்லாத பக்கத்துக்குப் போகும் சிவப்பு எழுத்தாக்கி அங்கேயே விட்டுவிடும். நாள் முழுக்க வகுப்பு வகுப்பு என்று கத்தும் வாத்தியாரின் விரலுக்கு வேறு சொல் வரவில்லை.

"பானாவுக்கும் வானாவுக்கும் வித்தியாசம் தெரியாதவன் ஊருக்கு வகுப்புப் பிரிக்கிறான்," என்றாள்.

"விரல் தவறிடுச்சு," என்றான் தம்பி.

"விரல் தவறலடா. புத்தி அங்கேயே நிக்குது."

கணினி அறைக்காரர் மெல்லச் சொன்னார். "டீச்சர், அந்த ஓரெழுத்தை மட்டும் திருத்தினா சார் நினைச்சபடி வந்துடும். பழையபடி திருப்பினா உங்களோடது வந்துடும். ரெண்டும் இதே கருவிலதான்."

ஜன்னலோரத்து முதுகு திரும்பியது. அக்கா தன்னைப் பார்ப்பாள், ஏதாவது கேட்பாள் என்று அவன் எதிர்பார்த்திருக்கலாம். அவள் பார்க்கவில்லை. பழையபடி திருப்பினாள். ஒளி நிறைந்தது, ஒலி நிறைந்தது. தலைமையாசிரியை எல்லோர் முன்னிலையிலும் சொன்னார். "சார், இனிமே நீங்க விக்கியில கை வைக்க வேண்டாம்."

தம்பியின் காதுமடல் சிவந்தது. வெளியே போகும்போது பல்லைக் கடித்துக்கொண்டு சொன்னான்: "என்ன இருந்தாலும் நீ ஏழாப்புதான்."

"ஆமாண்டா. இனி எது ஏழாப்புன்னு நீ கண்டுபிடி, பாக்கலாம்."

வேலைக்குத் திரும்பி வரச்சொல்லித் தலைமையாசிரியை கேட்டார். போனது போனதுதான் என்று டயர் கடை மாடிக்கே போய்விட்டாள். அந்தக் கோடை விடுமுறை முழுவதும் பக்கங்களை வெட்டினாள், ஒட்டினாள். பாடநூல் தலைப்புகளைத் தூக்கிவிட்டுக் கேள்விகளாக வைத்தாள்: கரண்டியின் உள்பக்கத்தில் முகம் ஏன் தலைகீழாகத் தெரிகிறது? தண்ணீருக்குள் விட்ட குச்சி ஏன் முறிந்ததுபோல் இருக்கிறது? எந்தப் பாடநூலை வைத்துப் பார்த்தாலும் எது எந்த வகுப்பு என்று பிடிபடாது. காரணம் எழுதும் பெட்டியில் ஒரே சொல் எழுதினாள்: "பாக்கலாம்."

பதில் வரவில்லை. வீட்டு விசேஷங்களுக்கும் கூப்பிடவில்லை. தம்பி மகளைப் பிறந்தபோது தூக்கியவள், அந்தப் பிள்ளை உயரமாகிவிட்டதை யாரோ சொல்லித்தான் தெரிந்துகொண்டாள். அவளும் போய் நிற்கவில்லை. சுவரில் முட்டிக்கொள்ளத் தனக்கு நேரமில்லை என்று கேட்டவர்களிடமெல்லாம் சொன்னாள்.

பல ஆண்டுகள் கழித்து ஒரு மதியம், பயிற்சி நிலையத்தில் விக்கியைத் திறந்தபோது அவளுடைய பேச்சுப் பக்கத்தில் புதுச் செய்தி என்று மஞ்சள் பட்டை எரிந்தது. அத்தனை காலமாகத் தொடாமல் கிடந்த தம்பியின் கணக்கிலிருந்து வந்திருந்தது. ஒற்றுப்பிழைகள் அப்படியே இருந்தன.

"என் மகள் பத்தாவது. ஆடி பாடம் வரவில்லை. ஒரு வாரமாக உன் ஒளியில் உட்கார்ந்திருக்கிறாள். எந்த வகுப்பு பக்கத்தை படிக்கிறாள் என்று பின்னால் நின்று பார்க்கிறேன், தெரியவில்லை. அவளை கேட்டேன். உங்களுக்கு எதுக்கு என்கிறாள். அதே திமிர். நானும் எல்லா பக்கத்தையும் திறந்து பார்த்துவிட்டேன். கண்டுபிடிக்க முடியவில்லை."