அகஸ்ரினாவின் தவக்காலப் பரிசோதனை

தாழ்வுபாட்டுக் கடற்கரையில் கருவாடு காயப்போடும் அகஸ்ரினாவுக்கு எதையும் தானே சோதித்துப் பார்த்தால்தான் மனம் ஆறும். உப்புப் பிடித்ததா என்று மற்றவர்கள் மீனைத் தொட்டுப் பார்ப்பார்கள். இவர் நாக்கில் வைத்துப் பார்ப்பார். இப்படிப்பட்ட மனுசியிடம் போய் "கொலஸ்ரோல் முந்நூற்றுப் பன்னிரண்டு" என்று சொன்னால் சும்மா விடுவாரா?

"என்னிலை எங்க கொழுப்பு இருக்கு, டொக்டர்? காத்தடிச்சாப் பறந்திடுவன்!"

டொக்டர் சிரித்தபடி தினமும் விழுங்கக் குளிசை எழுதிக் கொடுத்தார்.

கொழுப்பென்றாலே அகஸ்ரினாவுக்குத் தம்பி சுபாஸின் நினைவுதான் வரும். ஆறு வருடங்களுக்கு முன், நாற்பத்துநாலு வயதில், வலை இழுக்கும்போது நெஞ்சைப் பிடித்துக்கொண்டு விழுந்து இறந்தான். அவனும் ஒல்லிதான். செத்தவீட்டிலேயே அவன் மனைவி டிலானியைப் பார்த்து, "தேங்காய்க் கட்டிப்பாலும் மாட்டிறைச்சியுமா ஆக்கிப்போட்டு என்ர தம்பியைக் கொன்றுபோட்டாய்!" என்று அகஸ்ரினா கத்தினார். அன்றோடு இரண்டு வீட்டுக்கும் பேச்சு நின்றது.

இப்போது அவருக்கு ஒரே யோசனை. டிலானியின் சட்டியில் ஆறு வருடமாக ஒரு வாய்கூடத் தின்னாத தனக்கு இது எங்கிருந்து வந்தது?

தவக்காலம் தொடங்கும் விபூதிப் புதன் வந்ததும் வழக்கம்போல இறைச்சியை விட்டார். இந்த முறை முட்டை, தேங்காய்ப்பால், பொரியல் எல்லாவற்றையும் சேர்த்து விட்டார். எது வேலை செய்கிறதென்று தெளிவாகத் தெரிய வேண்டுமே என்று குளிசையையும் நிறுத்தினார். அதை மட்டும் டொக்டரிடம் சொல்லவில்லை.

தவக்காலம் முடியும் பெரிய வாரத்தில் சோதனைக்கு இரத்தம் கொடுத்தார். இருநூற்றுத் தொண்ணூற்றாறு.

"நாப்பது நாள் வாயைக் கட்டியும் பதினாறுதான் குறைஞ்சதா?"

குளிசைக் கதை வெளியே வந்தது. டொக்டர் நன்றாக ஏசினார். பிறகு விளங்கப்படுத்தினார். "சாப்பாட்டைக் குறைச்சது நல்லது, விடாதேங்கோ. ஆனா கொலஸ்ரோலைக் கூடுதலாச் செய்யிறது எங்கட ஈரல்தான். சில குடும்பங்களிலை பிறப்பிலேயே அது இரத்தத்திலை தேங்கி நிக்கும். ஆள் ஒல்லியெண்டு பாக்காது. உங்கட ஆக்கள் ஆரும் இளவயசிலை நெஞ்சுநோவிலை செத்தவையோ?"

"ஓம். நாப்பத்துநாலு வயசிலை, என்ர தம்பி" என்றார் அகஸ்ரினா.

"அப்ப அவையின்ர பிள்ளையளையும் சோதிக்க வேணும்."

கிளினிக்கிலிருந்து நேரே டிலானியின் வீட்டுக்குப் போனார். வாசலில் நின்ற டிலானி 'வாங்கோ' என்றும் சொல்லவில்லை, 'போங்கோ' என்றும் சொல்லவில்லை.

"பிழை உன்ர சட்டியிலை இல்லை, டிலானி. எங்கட இரத்தத்திலை. எனக்கும் இருக்கு. நான் அண்டைக்குச் சொன்னது அநியாயம்." அகஸ்ரினா இரத்தப் பரிசோதனைத் துண்டை நீட்டினார். "உன்ர மகன் றொஷானை நாளைக்கு விடிய ஒண்டும் தின்னக் குடுக்காமல் என்னோடை அனுப்பு. சோதிச்சுப் பாப்பம்."

டிலானி வாசலை விட்டு விலகி வழிவிட்டார்.

"நீங்கள் சொன்னதை நம்பி, அவர் போன நாளிலை இருந்து அந்தச் சட்டியை நான் அடுப்பிலை வைக்கேல்லை, மச்சாள்" என்றார்.